தூங்கி எழுந்த கணினியில் சாதனம் காணோமா? கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கூடலூரிலிருந்து தேனி வரை ஒரே புலம்பலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "லேப்டாப்பை மூடி வச்சிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து திறந்தா வைஃபையே இல்லை" என்கிறாள் கல்லூரி மாணவி. "மத்தியானம் வரைக்கும் பில் அடிச்ச பிரிண்டர், சாயங்காலம் கண்டுக்கவே மாட்டேங்குது" என்கிறார் போடியில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருப்பவர். உத்தமபாளையம் பக்கம் ஒரு சேவை மையத்தில், ரேகை வைக்க வந்த பெரியவரிடம் "ஐயா, மிஷின் எடுக்கலை, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர் ஒரு நாள் தோட்ட வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தவர். மேசையில் ரேகைக் கருவியின் விளக்கு எரியவில்லை. உணவு இடைவேளையில் கணினி தூங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கருவியின் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கக்கூட அங்கே யாரும் முயலவில்லை.

இந்த மூன்றிலும் பழுது ஒன்றுதான். கணினி ஸ்லீப் நிலைக்குப் போய்த் திரும்ப எழும்போது, அதோடு இணைந்த ஏதோ ஒரு சாதனம் எழ மறுக்கிறது. பெரும்பாலும் செட்டிங்கில் தீர்ந்துவிடும் சங்கதி இது. ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். கடையில் "போர்டு போயிருச்சு" என்கிறார்கள், இல்லாவிட்டால் "ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்" என்கிறார்கள். ரசீது கிடையாது. வாரண்டியில் இருந்த கணினியின் திருகைக் கழற்றியாகிவிட்டது. புகைப்படம், கணக்கு, படிப்புக் குறிப்பு எல்லாம் அழிந்தாகிவிட்டது. இரண்டு வாரத்தில் அதே பழுது மறுபடி தலைகாட்டுகிறது. அப்போது கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் "வெளியே திறந்திருக்கிறீர்கள், வாரண்டி செல்லாது" என்கிறார்கள்.

இந்த வரிசையை எந்த இடத்தில் நிறுத்துவது, நிறுத்த முடியாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே இந்தக் கட்டுரை.

ஏன் எழ மறுக்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லீப்பில் கணினி முழுதாக அணைவதில்லை. நினைவகத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். வைஃபை, ஒலி, யுஎஸ்பி துளைகள், டச்பேட் போன்றவற்றின் மின்சாரத்தைக் குறைத்தோ நிறுத்தியோ வைக்கும். எழுப்பியதும் ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு, அந்தந்தச் சாதனத்துக்கான டிரைவர் என்ற மென்பொருளுக்கும், போர்டில் பதிந்திருக்கும் பயாஸுக்கும் உரியது. டிரைவர் பழையதாகவோ பொருந்தாததாகவோ இருந்தால் சாதனம் விழிக்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் விழும், "கோட் 10", "கோட் 43" என்று எழுதியிருக்கும். சில நேரம் சாதனத்தின் பெயரே பட்டியலில் இருக்காது.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. "நான்தான் ராத்திரி ஷட்டவுன் செஞ்சேனே" என்பார்கள். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயக்கத்தில் இருக்கிறது. அதனால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏறுகிறது. முழுதாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் "ரீஸ்டார்ட்" கொடுக்க வேண்டும். ஷட்டவுன் செய்து திறந்தும் வராத வைஃபை, ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

பிரச்சினையின் முடிச்சும் இங்கேதான் விழுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் பழுது மறைந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைப் போல, சர்வீஸ் சென்டர் மேசையில் கணினி சமர்த்தாக வேலை செய்யும். அவர்கள் "பழுது எதுவும் இல்லை" என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவார்கள். வாரண்டிக் காலம் இப்படியே கரைந்துபோனவர்கள் பலர். ஆகவே, இந்தப் பழுதுக்கான ஆதாரத்தை உங்கள் வீட்டில், அது நடக்கும் நேரத்தில், நீங்கள்தான் சேர்க்க வேண்டும். வேறு யாரும் சேர்த்துத் தரமாட்டார்கள்.

முதலில் வீட்டிலேயே செய்து பாருங்கள்

கீழே உள்ளவை எதற்கும் திருகுளி வேண்டாம். செட்டிங்கை மாற்றுவதால் வாரண்டி போகாது. ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒன்றைச் செய்தபின் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

ஒன்று: ரீஸ்டார்ட். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். திரை கறுப்பாகவே இருந்து கணினி ஓடும் சத்தம் மட்டும் கேட்டால், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளோடு பி (B) விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திரைக்கான டிரைவர் மீண்டும் தொடங்கும்.

இரண்டு: ரேகைக் கருவி, பிரிண்டர், ஸ்கேனர் போன்ற யுஎஸ்பி சாதனம் என்றால் கேபிளைக் கழற்றிப் பத்து விநாடி கழித்து மாட்டுங்கள். இடையில் யுஎஸ்பி ஹப் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். ரேகைக் கருவிக்கு அதன் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருளும் ஓட வேண்டும். கருவியை மாட்டியும் "ரெடி" என்று காட்டாவிட்டால் அந்த சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

மூன்று: ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மக்கர் செய்யும் சாதனத்தின் பெயரை இருமுறை தட்டுங்கள். "பவர் மேனேஜ்மென்ட்" என்ற பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்ற வரிக்கு முன்னால் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி சாதனமானால் அதே பட்டியலில் உள்ள "யுஎஸ்பி ரூட் ஹப்" ஒவ்வொன்றிலும் இதைச் செய்யுங்கள். சில புதிய லேப்டாப்களில் இந்தப் பகுதியே இருக்காது. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

நான்கு: கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறந்து, "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்கை எடுங்கள். கணினி திறக்கச் சில விநாடி கூடுதலாகும். நஷ்டமில்லை. அதே பவர் ஆப்ஷன்ஸின் உள் அமைப்புகளில் "யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்று இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

ஐந்து: பழுது ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் வந்ததா? அதே சாதனத்தின் "டிரைவர்" பகுதியில் "ரோல் பேக் டிரைவர்" அழுத்தி முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம். அது அழுத்த முடியாமல் மங்கலாக இருந்தால், கணினிக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் உங்கள் லேப்டாப்பின் வரிசை எண்ணைக் கொடுத்து, அந்த மாடலுக்கான டிரைவரை இறக்குங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் இலவச மென்பொருள் எதையும் தொடாதீர்கள். பழுதோடு வைரஸும் சேர்ந்துவிடும்.

ஆறு: இத்தனை செய்தும் தீராவிட்டால் பயாஸ் அப்டேட். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் கணினி எழவே எழாமல் போகக்கூடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும் சாயங்காலத்தில் செய்ய வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலும் வேண்டாம். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், அடாப்டரும் மாட்டியிருக்க வேண்டும். மேசைக் கணினி என்றால் நல்ல யுபிஎஸ் வேண்டும். அதற்கும் முன்னால் "ரெகவரி கீ" கையில் இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

இவற்றோடு இரண்டு பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். மேசைக் கணினியை ஸ்லீப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்தால், சேமிக்காமல் வைத்த வேலை அத்தனையும் போய்விடும். லேப்டாப்பைப் பைக்குள் வைக்கும் முன் ஸ்லீப்பில் விடாமல் ஹைபர்னேட் செய்யுங்கள், அல்லது முழுதாக அணையுங்கள். இப்போதைய லேப்டாப்கள் ஸ்லீப்பில் இருக்கும்போதே அவ்வப்போது விழித்து வேலை செய்பவை. கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் பஸ் பயணத்தில், மூடிய பைக்குள் அது விழித்துக்கொண்டு கொதித்தால் பேட்டரிக்கும் கேடு, போர்டுக்கும் கேடு.

ஆதாரம் இல்லாமல் படியேறாதீர்கள்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் பழுது தொடர்கிறது என்றால், இனி அது கம்பெனியின் பொறுப்பு. ஆனால் அதை நீங்கள் காட்ட வேண்டும். நான்கு பொருள் வேண்டும்.

முதலாவது, காணொளி. ஸ்லீப்புக்கு அனுப்பும் முன் சாதனம் வேலை செய்வதையும், எழுப்பிய பின் வேலை செய்யாததையும் வெட்டாமல் ஒரே பதிவாக செல்போனில் எடுங்கள். திரையின் மூலையில் உள்ள தேதியும் நேரமும் தெரிய வேண்டும். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் அதே பதிவில் காட்டுங்கள்.

இரண்டாவது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் எண்ணும் தெரியும் படம். ரீஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்துவிட்டால் அது போய்விடும். மறுபடியும் சொல்கிறேன்: படம் எடுத்த பிறகுதான் ரீஸ்டார்ட்.

மூன்றாவது, விண்டோஸே எழுதி வைத்திருக்கும் கோளாறுப் பட்டியல். ஸ்டார்ட் தேடலில் "ரிலையபிலிட்டி" என்று அடித்தால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். எந்தத் தேதியில் எது நின்றுபோனது என்று நாள்வாரியாக அதில் இருக்கும். படம் எடுத்து வையுங்கள்.

நான்காவது, பில். பில் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கடைக்காரர் தப்பிக்கவும் முடியாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

ஜாப் ஷீட்: ஒரு தாளில் இருக்கிறது உங்கள் வழக்கு

முதலில், வாரண்டி எந்த வகை என்று பாருங்கள். பல லேப்டாப்களுக்கு ஆன்சைட் வாரண்டி உண்டு. அதாவது, கம்பெனி ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். அது தெரியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மதுரை வரை போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியின் தளத்தில் வரிசை எண்ணைக் கொடுத்தால் வாரண்டியின் வகையும் முடியும் தேதியும் தெரியும். அங்கே காட்டும் தேதி, நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்பே தொடங்கியிருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். சரக்கு டீலருக்குப் போன நாளிலிருந்து கணக்குப் போட்டிருப்பார்கள். வாங்கிய வாரமே இதைப் பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது.

கம்பெனியின் தொலைபேசி எண்ணை வாரண்டி கார்டிலிருந்தோ அதன் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண்களில் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். "டிரைவர் சரி செய்கிறேன், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று சொல்லிக் கணினிக்குள் நுழைந்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

கணினியைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் வாங்காமல் நகராதீர்கள். கம்பெனி சென்டரானாலும், பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சின்னக் கடையானாலும், கடைக்காரர் சொந்தக்காரரே ஆனாலும் இதுதான் விதி. அதில் "வைஃபை வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். மேசையில் வைத்தால் வைஃபை வேலை செய்யும், "பழுதில்லை" என்று முடித்துவிடுவார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "ஸ்லீப்பிலிருந்து எழுப்பிய பின் வைஃபை காணாமல் போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வருகிறது. எல்லா நேரமும் அல்ல, அடிக்கடி நிகழ்கிறது. காணொளி காட்டப்பட்டது." எழுத மறுத்தால், அதே வாசகத்தை அங்கே நின்றபடியே கம்பெனியின் மின்னஞ்சலுக்கு ஜாப் ஷீட் எண்ணோடு அனுப்பிவிடுங்கள். எழுத்தில் போனதற்குத்தான் மதிப்பு.

ஜாப் ஷீட்டில் வரிசை எண், தேதி, உடன் கொடுத்த அடாப்டர், ஏற்கெனவே உள்ள கீறல், திருப்பித் தரும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது என்ன செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். காசு கொடுத்துப் பழுது பார்த்தால், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். "போர்டு மாத்தியாச்சு" என்பவர் பழைய போர்டைக் காட்டத் தயங்கினால் நீங்கள் யோசிக்க வேண்டும். "பழுது எதுவும் இல்லை" என்று திருப்பித் தந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஒரே குறைக்கு மூன்று ஜாப் ஷீட் இருப்பது, நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்குப் பெரிய பலம்.

ரெகவரி கீ: அலட்சியத்தில் அழியும் தரவு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இப்போது வரும் பல லேப்டாப்களில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸ் அப்டேட் செய்தாலோ போர்டை மாற்றினாலோ, நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். அந்த எண் எங்கே இருக்கும்? கணினியை முதன்முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். நம் ஊரில் அந்தக் கணக்கு யாருடையது? பல நேரம் விற்ற கடைப் பையனின் மின்னஞ்சல். வாங்கிய அன்று அவசரத்தில் அவனே ஏதோ ஒரு ஐடி போட்டுத் திறந்து கொடுத்திருப்பான். அந்த எண் கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை மீட்கவே முடியாது. கம்பெனியாலும் முடியாது.

ஆகவே இன்றே செட்டிங்ஸில் "அக்கவுண்ட்ஸ்" பகுதியைத் திறந்து, உங்கள் மின்னஞ்சல்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள். மாற்றியபின் ரெகவரி கீ உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். டாலி கணக்கு, படம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் வெளி வட்டில் ஒரு நகல் எடுங்கள். நகல் எடுக்காமல் கணினியைக் கடையில் கொடுக்காதீர்கள். பெரும்பாலான வாரண்டி நிபந்தனைகளில் "தரவுக்குப் பொறுப்பில்லை" என்ற வரி இருக்கிறது.

உங்கள் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கணினி மேல் ஒட்டிக் கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். சோதித்துப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். உங்கள் வங்கி, மின்னஞ்சல் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள். தனிப்பட்ட படங்கள் வெளியே போனதாகத் தெரிந்தால், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் போலீஸிலோ உடனே புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல.

கம்பெனி கைவிட்டால்

முதல் படி, எழுத்தில் புகார். கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடைக்கும் ஒரு நகல் போகட்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கம்பெனியோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் 1915-க்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. "புகார் கொடுத்திருக்கேன், வரட்டும்" என்று ஒரு வருடம் சும்மா இருந்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி, தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கட்டும், குர்கானில் இருக்கட்டும், நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுகள் கடந்தும் "அதுக்கு மெட்ராஸுக்குப் போகணுமே" என்று சொல்லும் படித்தவர்களைப் பார்க்கிறேன். இதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அலுவலகங்கள், ஆண்டுக்கு ஒருமுறை நுகர்வோர் தினத்தன்று மேடை போட்டுப் பேசுவதோடு கடமை முடிந்தது என்று இருக்கின்றன. ஒவ்வொரு தாலுகா அலுவலகச் சுவரிலும் நான்கு வரி எழுதிப் போட எவ்வளவு செலவாகிவிடும்?

கட்டணம்: பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஒரு பைசா கட்டணம் இல்லை. எந்த லேப்டாப்பும் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்களே வாதாடலாம்.

காலக்கெடு: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

தாள்கள்: என்ன வாங்கினீர்கள், எப்போது, எவ்வளவுக்கு, என்ன குறை, எத்தனை முறை கொடுத்தீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்று தேதி வரிசையில் எளிய தமிழில் எழுதிய புகார்மனு. அதில் உள்ளது உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரம். பில், வாரண்டி கார்டு, ஜாப் ஷீட்டுகள், மின்னஞ்சல்கள், 1915 புகார் எண், படங்கள், காணொளி. விற்ற கடை, தயாரித்த கம்பெனி, பழுது பார்த்த சென்டர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் விடுபட்டவர் தலையில் பழியைப் போட்டுத் தப்பப் பார்ப்பார். மனுவுக்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புவது கட்டாயமில்லை, அனுப்பினால் நல்லது. பதிவு வசதியுள்ள விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆன்லைனில் தாக்கல் செய்ய இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளம் இருக்கிறது.

ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், மேற்கொண்டு 15 நாள் வரைதான் அவகாசம் உண்டு. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்றால் 3 மாதத்திலும், பரிசோதனை வேண்டும் என்றால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும். இழுத்தாலும் விடாதீர்கள். குறையை நீக்கித் தரவும், வேறு கணினி தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கவும் வழி உண்டு.

பலருக்கு எழும் மூன்று சந்தேகங்கள். அப்பா பெயரில் பில், பயன்படுத்துவது மகள் என்றால் மகள் கேட்கலாமா? கேட்கலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். கடைக்காக வாங்கிய கணினி என்றால்? சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் கேட்கலாம். அதை மனுவிலேயே தெளிவாக எழுத வேண்டும். தனியார் கடையில் காசு கொடுத்துப் பழுது பார்த்து, அவர்கள் கெடுத்துவிட்டால்? அதுவும் சேவைக் குறைபாடுதான், வழக்குப் போடலாம். ஆனால் ரசீது? மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். ரசீது இல்லாதவருக்கு எந்த ஆணையமும் எளிதில் உதவ முடியாது.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் கொடுக்கத் தொடங்கினார்கள். புதிதாக வாங்கிய மாணவர்கள் பழுதைக் கண்டதும் முதலில் கல்லூரியில் எழுத்தில் சொல்லுங்கள். வாரண்டி என்னவென்று வரிசை எண்ணை வைத்துப் பாருங்கள். அதுவரை எந்தக் கடையிலும் திறக்க விடாதீர்கள். "ஓசியில் வந்ததுதானே" என்று பேசும் பேராசிரியர்களும் அலுவலர்களும் இருக்கிறார்கள். அது மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது, அதன் வாரண்டிக்கும் காசு கொடுத்திருக்கிறது அரசு. கேட்பது உங்கள் உரிமை.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதைச் சொல்லிப் பயமுறுத்தி, தகுதியில்லாத பழைய கணினியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் காசு வாங்குகிறார்கள். அதற்குத் தகுந்த டிரைவர் இல்லாவிட்டால், தூங்கினால் எழாத நோய் அன்றே தொடங்கக்கூடும். உங்கள் மாடலுக்குக் கம்பெனி விண்டோஸ் 11 டிரைவர் தந்திருக்கிறதா என்று பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

சேவை மையம் நடத்துபவர்களுக்கு

மையத்தின் கணினியை வேலை நேரத்தில் ஸ்லீப்புக்குப் போகாதபடி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர், அதில் ஸ்லீப் நேரத்தை "நெவர்" என்று மாற்றினால் முடிந்தது. யுஎஸ்பி ரூட் ஹப் டிக்கை எடுத்தால் ரேகைக் கருவி உறங்காது. இதைச் செய்யாமல், முதியவர்களை நாளைக்கு வா, திங்கட்கிழமை வா என்று அலையவிடுவது பெரும் பாவம். ரேகைக் கருவி எழவில்லை என்றால் வேலையே நின்றுவிட வேண்டியதில்லை. பிஎம் கிசான் இ-கேஒய்சிக்கு ஓடிபி வழியும் முக அடையாள வழியும் உண்டு. ஓய்வூதியருக்கான டிஜிட்டல் உயிர்வாழ் சான்றையும் முக அடையாளத்தில் முடிக்கலாம். பொதுமக்களே, "மிஷின் எடுக்கலை" என்று சொன்னதும் திரும்பி நடக்காதீர்கள். "கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்க தம்பி, இல்லாட்டி ஓடிபியில போடுங்க" என்று கேளுங்கள். வேண்டுமென்றே அலையவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100-இல் புகார் பதியுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வரிசை எண்ணையும் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ரெகவரி கீயை எழுதி வையுங்கள். பழுது வந்தால் முதலில் காணொளி, பிறகு ரீஸ்டார்ட். கடைக்குக் கொடுத்தால் கையில் ஜாப் ஷீட். வாரண்டி முடிவதற்கு ஒரு நாள் முன்பாவது, எவ்வளவு சின்னக் குறையானாலும் எழுத்தில் பதிந்துவிடுங்கள். வாரண்டிக்குள் பதிந்த குறையை "காலம் கடந்துவிட்டது" என்று அவர்களால் சுலபமாகத் தட்டிக் கழிக்க முடியாது.